பென்சில்வேனியாவில் மெத்தடோன் மையத்துக்கு இடம்: சோனிங்கில் 500 அடி விதி குறுக்கே நிற்கிறது, என்ன செய்யலாம்?

இடந்தேடி:

நண்பர்களுக்கு வணக்கம். பென்சில்வேனியாவில் ஒரு நடுத்தர நகரம் (பிலடெல்பியாவோ பிட்ஸ்பர்க்கோ இல்லை). ஓபியாய்டு (ஹெராயின் போன்ற போதைப்பொருள்) அடிமைத்தனத்துக்கு மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்துச் சிகிச்சை செய்யும் மையம் (சுருக்கமாக ஓ.டி.பி.) ஒன்றைத் தொடங்கத் திட்டம். 300 நோயாளிகள் வரை பார்ப்பதாகக் கணக்கு. முன்பு கார்ப்பெட் கடையாக இருந்த 4,800 சதுர அடிக் கட்டடம் வாடகைக்கு வருகிறது. வணிக மண்டலம், வாசலிலேயே பஸ் நிறுத்தம், பின்னால் 26 கார் நிற்க இடம்.

எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நகரத்தின் சோனிங் சட்டப்படி ‘மருத்துவ கிளினிக்’ வணிக மண்டலத்தில் நேரடியாக அனுமதிக்கப்பட்ட பயன்பாடு. ஆனால் ‘மெத்தடோன் சிகிச்சை நிலையம்’ என்று தனியாக ஒரு வகை வைத்திருக்கிறார்கள். அதற்கு நகர மன்றத்தின் நிபந்தனை அனுமதி வேண்டும். பள்ளி, பூங்கா, விளையாட்டுத் திடல், குழந்தைகள் காப்பகம், தேவாலயம், குடியிருப்புப் பகுதி என எதற்கும் 500 அடிக்குள் இருக்கக் கூடாது. எங்கள் கட்டடத்திலிருந்து ஒரு தேவாலயம் ஏறக்குறைய 380 அடி. பின்தெருவில் வீடுகள்.

ஊருக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டைக்குப் போங்கள், அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் புரோக்கர். அங்கே பஸ் கிடையாது. இந்த 500 அடி விதி சட்டப்படி நிற்குமா? லீஸில் கையெழுத்துப் போடும் முன் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? பொது விசாரணையில் எதைக் கேட்பார்கள்?

---

வரப்பு:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்த 500 அடி விதி உங்கள் நகரம் யோசித்துப் போட்டது இல்லை. 1990களின் கடைசியில் மாநிலச் சட்டமன்றம் முனிசிபாலிட்டி திட்டமிடல் சட்டத்தில் 621ஆம் பிரிவாகச் சேர்த்தது. பல ஊர்கள் அதை வரிக்கு வரி தங்கள் சட்டத்தில் எடுத்துக்கொண்டன. ரெடிங் நகரம் அந்தப் பிரிவைக் காட்டி ஒரு மெத்தடோன் மையத்தை மறுத்தபோது வழக்கு கூட்டாட்சியின் மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நியூ டைரக்ஷன்ஸ் எதிர் ரெடிங் நகரம், 2007. மெத்தடோன் மையங்களை மட்டும் தனியே பிரித்து ஒதுக்கும் அந்தப் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமான ஏ.டி.ஏ.வையும் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தையும் அதன் வாசகத்திலேயே மீறுகிறது என்று தீர்ப்பு. மன்றம் வாக்களித்து விலக்குத் தரலாம் என்று உள்ளே ஒரு கதவு வைத்திருந்தார்கள். அதுவும் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றவில்லை.

இதே திசையில் முன்பே இரண்டு தீர்ப்புகள் உண்டு. கலிபோர்னியாவின் அன்டியாக் நகரம் குடியிருப்பிலிருந்து 500 அடிக்குள் மெத்தடோன் மையம் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் 1999ல் அதை ஏ.டி.ஏ.வின் கீழ் கேள்விக்கு உட்படுத்தியது. கென்டக்கியின் கவிங்டன் நகரம் 20,000 மக்களுக்கு ஒரு மையம்தான் என்று எண்ணிக்கையால் கட்டிப் பார்த்தது. ஆறாம் சுற்று நீதிமன்றம் 2002ல் அதையும் ஏற்கவில்லை. மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: பிறருக்குக் கணிசமான ஆபத்து உண்டு என்று நகரம் சொன்னால் அதற்குச் சான்று வேண்டும். பயமும் பொதுப்பேச்சும் சான்று ஆகாது.

விசாரணையில் ஒருவராவது எழுந்து “போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏ.டி.ஏ. பொருந்தாதே” என்பார். தற்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எடுப்பதை வைத்து நடவடிக்கை எடுத்தால் பாதுகாப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் மெத்தடோன் எடுப்பது சட்டவிரோதப் பயன்பாடு ஆகாது. கூட்டாட்சி நீதித் துறை 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை நேராகச் சொல்கிறது. அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

இனி வரிசை. முதல் வேலை, சோனிங் அதிகாரியிடம் எழுத்தில் தீர்மானம் கேட்பது. கவுன்ட்டரில் வாயால் சொன்னது எதற்கும் உதவாது. விண்ணப்பத்தில் ‘மெத்தடோன் கொடுக்கும் ஓ.டி.பி.’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘மருத்துவ அலுவலகம்’ என்று மறைத்து வாங்கிய பர்மிட்டைப் பிறகு ரத்து செய்தால் அதுவரை போட்ட பணம் முழுவதும் போகும். இந்தப் பயன்பாட்டை மருத்துவ கிளினிக்காகவே வகைப்படுத்த வேண்டும் என்று அதே விண்ணப்பத்தில் கேளுங்கள், 2007 தீர்ப்பை இணையுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் சோனிங் விசாரணை வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

அந்தப் பதிலுக்காகக் கை கட்டிக் காத்திருக்க வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுக்காமல் என்ற குறிப்போடு நிபந்தனை அனுமதி விண்ணப்பத்தையும், 500 அடி விதியைத் தளர்த்தக் கோரும் ஏ.டி.ஏ. மனுவையும் சேர்த்தே போடுங்கள். முழுமையான விண்ணப்பம் பதிவாகும் நாள் முக்கியம். ஏனென்றால், சட்டத்திருத்தம் ஒன்று பொது அறிவிப்புக்கு வந்துவிட்டால், அது நிறைவேறும் முன்பே அதைக் காட்டி பர்மிட்டை மறுக்கும் கோட்பாடு இந்த மாநிலத்தில் உண்டு. இப்படி ஒரு மையம் வரப்போகிறது என்ற பேச்சு ஊரில் பரவுவதற்கும் திருத்தம் அச்சாவதற்கும் நடுவே அதிக நாள் இருக்காது.

விண்ணப்பம் கொடுத்த 60 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். கடைசி அமர்வு முடிந்த 45 நாளுக்குள் எழுத்தில் முடிவு வர வேண்டும். தவறினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். அதனால்தான் “இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவை, இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள். முடிவை எதிர்த்து கவுன்ட்டியின் காமன் பிளீஸ் நீதிமன்றத்துக்குப் போக இரு தரப்புக்கும் 30 நாள்.

லீஸில் வர வேண்டிய வரி இந்த 30 நாளிலிருந்துதான் பிறக்கிறது. ‘சோனிங் அனுமதி கிடைத்தால் லீஸ் நடைமுறைக்கு வரும்’ என்று எழுதினால் போதாது. ‘அனுமதி கிடைத்து, மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, மேல்முறையீடு இருந்தால் அதுவும் தீர்ந்த பிறகே வாடகை தொடங்கும்’ என்று இருக்க வேண்டும். மாநில உரிமமும், கூட்டாட்சியின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பான டி.இ.ஏ.வின் பதிவும் கிடைக்காவிட்டால் அபராதமின்றி விலகும் உரிமையையும் சேருங்கள். கட்டடத்தின் பத்திரத்தில் பயன்பாட்டுத் தடை எதுவும் இருக்கிறதா என்பதை சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி மூலம் பாருங்கள். சோனிங் சரியாக இருந்தும் பத்திரத்தடையால் நின்றுபோக முடியும்.

---

அளவுக்கோப்பை:

வரப்பு சொன்னது நீதிமன்றத்தில் ஜெயிக்க. மையம் திறந்த பிறகு அண்டை வீட்டார் புகாரின்றி நடக்க வேண்டுமென்றால் கட்டட வரைபடமும் நேரமும்தான் தீர்மானிக்கும். விசாரணையில் எதிர்ப்பாளர் காட்டும் புகைப்படம் பெரும்பாலும் ஒன்றே: காலை ஆறு மணிக்கு நடைபாதையில் வரிசையாக நிற்கும் ஆட்கள். அது நோயாளிகளின் குணத்தால் வருவதில்லை. காத்திருக்கும் அறை சின்னது, மருந்து கொடுக்கும் ஜன்னல் ஒன்று, திறக்கும் நேரத்துக்கு முன் கதவு பூட்டு. இவை மூன்றும் சேர்ந்தால் எந்த ஊரிலும் வரிசை தெருவுக்கு வரும்.

டி.இ.ஏ. விதி ஏற்கெனவே உங்கள் வரைபடத்தைப் பாதி போட்டுவிடுகிறது. மருந்து வைக்கும், கொடுக்கும் இடத்திலிருந்து காத்திருக்கும் இடம் கதவு போன்ற ஒன்றால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டகம் 750 பவுண்டுக்குக் குறைவான எடை என்றால் தரையிலோ சுவரிலோ போல்ட் அடித்தோ சிமென்ட்டில் பதித்தோ இருக்க வேண்டும், மருந்தின் அளவையும் வகையையும் பொறுத்து அலாரமும் தேவைப்படும். இதை விசாரணையில் வரைபடத்தோடு காட்டுங்கள். “மருந்துக்காகக் கொள்ளை நடக்கும்” என்ற கேள்விக்கு இதுவே பதில்.

கூட்டக் கணக்கை இப்படிப் போடலாம். 300 பேரும் தினமும் வருவார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2024 ஏப்ரல் 2ல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதி (பகுதி 8) வீட்டுக்குக் கொடுக்கும் மருந்தைத் தாராளமாக்கியிருக்கிறது: சிகிச்சையின் முதல் 14 நாளில் 7 நாள் மருந்து வரை, 15ஆம் நாளிலிருந்து 14 நாள் வரை, 31ஆம் நாளிலிருந்து 28 நாள் வரை. இது உச்சவரம்புதான். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பது மருத்துவரின் முடிவு; மாநில விதி இதைவிட இறுக்கமாக இருந்தால் அதுவே செல்லும்.

உதாரணத்துக்கு 100 பேர் தினமும், 100 பேர் வாரம் ஒருமுறை, 100 பேர் 28 நாளுக்கு ஒருமுறை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 100 + 17 + 4, ஆக 121 பேர். அதில் பாதி, சுமார் 60 பேர், முதல் ஒன்றரை மணி நேரத்தில் வருவார்கள். மணிக்கு 40. ஒருவருக்கு ஜன்னலில் இரண்டரை நிமிடம் பிடித்தால் ஒரு ஜன்னல் மணிக்கு 24 பேரைத்தான் தாங்கும். ஆகவே இரண்டு ஜன்னல் கட்டாயம். ஒன்றோடு திறந்தால் அந்த ஒன்றரை மணி நேர முடிவில் 24 பேர் காத்திருப்பார்கள். பார்க்கிங்குக்கு: மணிக்கு 40 பேரில் 70 சதவீதம் காரில் வந்து 20 நிமிடம் இருந்தால் ஒரே நேரத்தில் 9 அல்லது 10 கார். ஊழியர் 12 பேர், ஆலோசனைக்கு வந்து ஒரு மணி நேரம் இருப்பவர் சிலர். 26 இடம் போதும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் போக்குவரத்துப் பொறியாளரின் கையெழுத்தோடு கொடுங்கள்.

மன்றம் விதிக்கும் நிபந்தனைகளில் மிக ஆபத்தானது நேரம். “காலை 9 மணிக்கு முன் திறக்கக் கூடாது, பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள்” என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கட்டட வேலைக்கும் தொழிற்சாலை ஷிஃப்டுக்கும் போகும் நோயாளிக்கு ஐந்தரை, ஆறு மணிதான் சாத்தியம். ஒன்பதுக்குத் திறந்தால் அவர் வேலையையோ சிகிச்சையையோ விட வேண்டும். உண்மையில் சீக்கிரம் திறந்தால் பள்ளிக் கூட்டத்துக்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிடும் என்று எண்ணோடு காட்டுங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலைத் திறப்பதற்கு 15 நிமிடம் முன்பே காத்திருக்கும் அறையைத் திறந்துவிடுவோம், நடைபாதையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஊழியர் இருப்பார், புகாருக்கு ஒரு தொலைபேசி எண் இருக்கும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். நாமாகக் கொடுத்த நிபந்தனை, அவர்கள் கோபத்தில் எழுதும் நிபந்தனையைவிட எப்போதும் நல்லது.

தொழிற்பேட்டை வேண்டாம். பஸ் இல்லாத இடத்தில் முதல் மாதமே சிகிச்சையை விடுபவர் பெருகுவார்கள். மெத்தடோன் சிகிச்சையில் முதல் வாரங்களில் வருகை தவறுவது உயிருக்கே ஆபத்து.

---

தெருவிளக்கு:

நகரமைப்பு மேசையில் இருந்து பார்க்கும் ஒருவராக, கொஞ்சம் மாறுபடுகிறேன். விலகல் தூர விதி தவறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. 500 அடி ஆரம் என்றால் ஒரு புள்ளியைச் சுற்றி 18 ஏக்கர் அடைபடும். 1,000 அடி என்றால் 72 ஏக்கர். தூரம் இரண்டு மடங்கு, அடைபடும் நிலம் நான்கு மடங்கு. அதுவும் ஒரு புள்ளிக்கு. பள்ளி, பூங்கா மாதிரி பெரிய மனையின் எல்லைக் கோட்டிலிருந்து அளந்தால் இன்னும் அதிகம். பழைய கிழக்குக் கரை நகரங்களில் தெருவுக்கு ஒரு தேவாலயம் உண்டு. எல்லா வட்டங்களையும் வரைபடத்தில் போட்டால் மிஞ்சுவது ஆற்றங்கரையும் ரயில் யார்டும்தான். தமிழ்நாட்டில் பள்ளிக்கும் கோயிலுக்கும் மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி டாஸ்மாக் கடை இருக்க வேண்டும் என்று விதி உண்டே, மதுக்கடைக்குப் போடும் அந்தத் தர்க்கத்தைத்தான் இங்கே மருத்துவமனைக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் குவிதல் என்ற பிரச்சினை உண்மை. நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லெமில் 125ஆம் தெருவை ஒட்டி மையங்கள் அடர்ந்திருப்பதாக அங்குள்ளவர்கள் வைக்கும் குறையை வெறும் வெறுப்பு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மற்ற பகுதிகள் கதவடைத்ததால் ஒரே இடத்தில் சேர்ந்தவை அவை. ஏழை மக்கள் வாழும் பகுதிதான் ஒவ்வொரு முறையும் சுமக்கிறது. அதற்குத் தீர்வு எல்லா வணிக மண்டலத்திலும் நேரடியாக அனுமதிப்பது. அப்படிச் செய்தால் 300 பேர் கொண்ட ஒரு பெரிய மையத்துக்குப் பதில் 100 பேர் கொண்ட மூன்று சின்ன மையங்கள் வர முடியும்.

உங்கள் மனையைப் பற்றி: ‘380 அடி’ எதிலிருந்து எதற்கு? கதவிலிருந்து கதவுக்கா, மனை எல்லையிலிருந்து எல்லைக்கா, நடந்து போகும் வழியா, நேர்கோடா? சட்டத்தின் வரையறைப் பகுதியைப் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால் அந்த மயக்கம் விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே படிக்கப்பட வேண்டும் என்பது பென்சில்வேனியச் சட்டம். கூகுள் மேப் அளவை வாரியத்தில் காட்டாதீர்கள், உரிமம் பெற்ற சர்வேயரின் வரைபடம் கொடுங்கள்.

விசாரணையில் நில மதிப்பு, குற்றம் இரண்டும் வரும். குற்றத்துக்கு 2016ல் பால்டிமோரை வைத்து வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு: வன்முறைக் குற்றம் சிகிச்சை மையங்களைச் சுற்றி இருப்பதைவிட மதுக்கடை, முனைக்கடைகளைச் சுற்றியே அதிகம். உங்கள் சட்டத்தில் எழுதிய அளவுகோல்களை நீங்கள் பூர்த்தி செய்துவிட்டால் சுமை எதிர்ப்பாளர் மேல் விழும். இந்தப் பயன்பாட்டால் வழக்கத்துக்கு மீறிய கேடு வர மிகுந்த வாய்ப்பு உண்டு என்று அவர்கள் சான்றோடு நிறுவ வேண்டும். அதனால் ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு சாட்சி, ஒரு ஆவணம் என்று வைத்துப் பதிவில் ஏற்றுங்கள். சுருக்கெழுத்தாளர் கட்டாயம் இருக்க வேண்டும். மன்ற உறுப்பினரே “இந்த மாதிரி ஆட்கள் நம் ஊருக்கு வேண்டாம்” என்று பேசினால் அது பதிவில் இருப்பது பின்னால் கூட்டாட்சி வழக்குக்கு உதவும்.

மனுவைப் பார்த்தவுடன் தற்காலிகத் தடை போடலாமா என்று நகரங்கள் யோசிப்பதும் உண்டு. ஹெல்லம் டவுன்ஷிப் வழக்கில் 2001ல் மாநில உச்ச நீதிமன்றம், திட்டமிடல் சட்டம் உள்ளூர் ஆட்சிக்கு அப்படி நில மேம்பாட்டை நிறுத்திவைக்கும் அதிகாரம் தரவில்லை என்று சொன்னது. வழக்கறிஞரிடம் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

---

இடந்தேடி:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். ஒன்று, சோனிங் இழுத்தடித்தால், ஓபியாய்டு சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபின் மட்டும் கொடுத்துத் தொடங்க முடியுமா? இரண்டு, மாடியில் 14 பேர் தங்கும் மறுவாழ்வு இல்லமும் பின்னால் ஒரு நடமாடும் வேனும் சேர்க்க ஆசை. ஒரே விண்ணப்பத்தில் போடலாமா?

---

வரப்பு:

முதலாவதுக்கு, முடியும். புப்ரெனார்ஃபின் எழுத முன்பு தேவைப்பட்ட தனி அனுமதியை (எக்ஸ்-வேவர்) 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ளது; அந்த அட்டவணைக்கு டி.இ.ஏ. பதிவுள்ள மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதலாம், நோயாளி மருந்துக்கடையில் வாங்குவார். அது சாதாரண மருத்துவ அலுவலகம். ஆனால் உங்கள் நகரச் சட்டத்தின் வரையறையைப் படியுங்கள். சில ஊர்களில் ‘ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு எந்த மருந்து கொடுத்தாலும்’ என்று அகலமாக எழுதிவைத்து, குடும்ப மருத்துவரைக்கூட உள்ளே இழுத்துவிடுகிறார்கள். மையத்துக்கு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இதைத் தொடங்கினால் ‘பின்வாசல் வழியாக வருகிறார்கள்’ என்பார்கள். சோனிங் அதிகாரிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

மாடி இல்லத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு பயன்பாடு, வேறு சட்டம். தங்கும் இல்லம் என்றால், வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சியின் குடியிருப்பு உரிமைச் சட்டமும் சேரும். வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம், உறவினர் அல்லாதோர் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்ற விதியை மறுவாழ்வு இல்லத்தின் மேல் போட்டபோது, அந்தச் சட்டத்திலிருந்து அவ்விதிக்கு விலக்கு இல்லை என்று 1995ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு உதவும் தீர்ப்புதான். ஆனால் இரண்டையும் ஒரே மனுவில் போட்டால் ஒன்றின் எதிர்ப்பு மற்றதையும் இழுத்துப் போகும்.

---

அளவுக்கோப்பை:

கட்டட விதியிலும் அது சிக்கல். கட்டடங்களைப் பயன்பாட்டின்படி பிரிக்கும் அந்த விதியில் வெளிநோயாளி மையம் ‘பி’ வகை. கடை ‘எம்’ வகையிலிருந்து அதற்கு மாறுவது எளிது. தங்கும் இல்லம் 6 முதல் 16 பேர் வரை ஆர்-4, அதற்கு மேல் ஐ-1. மேலே ஆள் தூங்கும் கட்டடமாக மாறினால் ஸ்பிரிங்ளர், தீத்தடுப்புச் சுவர், இரண்டாவது படிக்கட்டு என்று பழைய கார்ப்பெட் கடையில் செலவு எங்கேயோ போகும்.

வேனைப் பற்றி: 2021 ஜூலை 28 முதல் நடமாடும் வேனுக்குத் தனி டி.இ.ஏ. பதிவு வேண்டாம், மையத்தின் பதிவிலேயே ஓடலாம். அதே மாநிலத்துக்குள் இருக்க வேண்டும், தனி விலக்கு வாங்காத வரை தினமும் வேலை முடிந்து மையத்துக்கே திரும்ப வேண்டும். ஆகவே இரவில் வேன் நிற்கும் இடத்தை இப்போதே மனை வரைபடத்தில் குறியுங்கள்: வேலி, விளக்கு, கேமரா, திரும்ப இடம். பிறகு சேர்க்கப் போனால் திருத்த மனு, மறுபடி விசாரணை. அந்த 26 இடத்தில் இரண்டைக் கழித்துத்தான் பார்க்கிங் கணக்குப் போட வேண்டும்.

மாநிலப் போதை, மதுத் திட்டத் துறையான டி.டி.ஏ.பி.யின் உரிமம், அங்கீகார அமைப்பின் ஆய்வு, போதை, மனநலச் சேவைகளுக்கான கூட்டாட்சி அமைப்பான சாம்ஸாவின் சான்று, டி.இ.ஏ. பதிவுக்கான படிவம் 363 எல்லாமே ஒரே முகவரிக்கு. சூட் எண்கூட நான்கிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். லீஸில் ‘சூட் ஏ’, நகரப் பதிவில் ‘முதல் தளம்’ என்று இருந்தாலே கோப்பு திரும்பி வரும்.